பென்னிகுயிக் என்னும் தமிழ்ப் பெயர்: அணை தந்ததா, வழக்கு தந்ததா?

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில், இடுக்கி மலைக்குக் கீழே உள்ள ஊர்களில், ஆண் குழந்தைகளுக்கு ‘பென்னிகுயிக்’ என்று பெயர் வைத்தவர்கள் உண்டு. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் கர்னல் ஜான் பென்னிகுயிக்கின் பெயர் அது. இந்த வழக்கத்துக்கு எல்லோரும் சொல்லும் விளக்கம் ஒன்றே. 1895-ல் தண்ணீர் வந்தது, பஞ்சம் போனது, நன்றி மறவாத மக்கள் அன்றுமுதல் பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டி வருகிறார்கள் என்பர். இதில் நன்றி பழையது என்பதை ஏற்கலாம். பெயர்சூட்டும் வழக்கமும் அதே அளவு பழையது என்பதைத்தான் ஏற்க இயலவில்லை. இந்த ஆண்பெயர் அணை கட்டிய காலத்தில் பிறந்ததன்று, அணையைப் பற்றித் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே வழக்கு முற்றிய காலத்தில் பிறந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம். அதற்கு முதற்சான்று அந்தப் பெயரின் வடிவத்திலேயே இருக்கிறது.

பென்னிகுயிக் தொடக்கத்தில் ஆளின் பெயரே அன்று. ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்குத் தெற்கே உள்ள ஒரு சிற்றூரின் பெயர் அது. அப்பகுதியில் வழங்கி மறைந்த, வேல்ஸ் மொழிக்கு உறவான பழைய மொழியில் அதற்குக் ‘குயிலின் குன்று’ என்று பொருள் சொல்வர். (தமிழ் வடிவத்தில் ‘குயி’ என்ற ஒலி வந்து அமர்ந்தது தற்செயலே, இதைக்கொண்டு வேர்ச்சொல் ஆராய யாரும் புறப்பட வேண்டாம்.) ஊர்ப்பெயர் குடும்பப் பெயராயிற்று. அக்குடும்பத்தைச் சேர்ந்த படைத்தலைவர் ஒருவர் 1849 ஜனவரியில் சில்லியன்வாலா போரில் இறந்தார். 1841 ஜனவரி 15 அன்று புனேயில் பிறந்த அவர் மகனே நம் பொறியாளர். ஊரின் பெயர் குடும்பத்துக்கும், குடும்பத்தின் பெயர் கடல்கடந்து ஒரு தமிழ்ப் பிள்ளைக்கும் இடுபெயராக வந்து சேர்ந்திருக்கிறது. அவருடைய சொந்தப் பெயரான ‘ஜான்’ தமிழ்நாட்டுக் கிறித்தவரிடையே ஏற்கெனவே வழங்கியதால் அவரைத் தனித்துக் காட்ட அது உதவியிருக்காது. குடும்பப் பெயர் இடுபெயரானதற்கு அதுவே காரணமாகலாம்.

இனி வடிவத்துக்கு வருவோம். ஸ்காட்லாந்து ஊரின் பெயரை அங்குள்ளவர்கள் ‘பென்னிகுக்’ என்றே சொல்கிறார்கள். தமிழில் பெருவழக்காக உள்ள பென்னிகுயிக், பென்னிகுவிக் என்னும் இரண்டும் ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்துப் படித்த வடிவங்கள். ஆகவே இப்பெயர் காதுவழி வந்ததன்று, கண்வழி வந்தது. 1887 முதல் 1895 வரை அந்தக் காட்டில் கல் சுமந்தவர்களும் சுண்ணாம்பு அரைத்தவர்களும் அவரை எழுத்தில் அறிந்தவர்கள் அல்லர், வாயால் அழைத்தவர்கள். அவர்கள் வாய்வழி வந்த பெயராக இருந்தால் அது தேய்ந்திருக்கும், திரிந்திருக்கும், தமிழ் ஈறு பெற்றிருக்கும். தெலுங்கு நாட்டில் அப்படித்தான் நடந்தது. 1800 முதல் 1807 வரை ராயலசீமைப் பகுதியை நிர்வகித்த தாமஸ் மன்றோவின் பெயரை அங்குள்ளவர்கள் பிள்ளைகளுக்கு இட்டபோது ‘மன்றோலப்பா’ என்று ‘அப்பா’ சேர்த்தே இட்டார்கள். எழுத்தறியாத மக்கள் அயல்பெயர் ஒன்றை உறவாக்கிக்கொள்ளும் இயல்பான வழி அது. நம் பக்கத்திலும் சாமி, பாண்டி, துரை என்று ஈறுகளுக்குப் பஞ்சமில்லை. வெள்ளைக்கார அதிகாரிக்கென்றே வழங்கிய ‘துரை’கூட இந்தப் பெயரோடு ஒட்டி நிலைக்கவில்லை. கல்வெட்டிலும் செய்தித்தாளிலும் உள்ளபடி, எழுத்துக் குறையாமல், பெயர் பிள்ளையின் மேல் இறங்கியிருக்கிறது. எழுத்தறிவு பரவிய தலைமுறையின் செயல் இது.

ஸ்காட்டியக் குடும்பங்கள் சில தம் பெயரை ‘குவிக்’ என்றே உச்சரித்திருக்கக் கூடும், பொறியாளரும் அப்படியே சொல்லியிருந்தால் உங்கள் வாதம் என்னவாகும் என்று கேட்கலாம். ‘குக்’, ‘குவிக்’ என்ற வேறுபாடு ஒன்றையே நம்பி வாதம் நின்றிருந்தால் அது அப்போதே விழுந்துவிடும். ஆனால் அவர் எப்படி உச்சரித்திருந்தாலும், நூறாண்டு பேச்சில் புழங்கிய பெயர் ஆறெழுத்து நீளத்தில் முனை மழுங்காமல் இருப்பது வழக்கமன்று. பெயரின் தேயாமைதான் சான்று. எந்த ஒலியிலிருந்து தொடங்கியது என்பது இரண்டாம்பட்சம்.

எழுத்தில் இப்பெயர் எப்போது பெருகியது என்பது அடுத்த கேள்வி. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூருக்கும் இந்தியச் செயலருக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் அணையைத் திறந்தார். 1911-ல் பென்னிகுயிக் இங்கிலாந்தில் காலமானார். அதன்பின் நெடுங்காலம் அணை பெரும்பாலும் ஒரு பாசன ஏற்பாடாகவே பார்க்கப்பட்டது. யாரும் அதை மறுக்காதபோது அதற்கு நாயகன் தேவைப்படவில்லை. அணையின் உறுதி பற்றிய அச்சம் எழுந்து, 1979-க்குப் பின் நீர்மட்டம் 136 அடிக்குக் குறைக்கப்பட்டதும் நிலைமை மாறியது. 2006-லும் 2014-லும் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு இசைவளித்தது. இடையே 2011 இறுதியில் குமுளியில் உள்ள கேரள எல்லையை நோக்கி ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். அதைத் தொடர்ந்து 2013 ஜனவரி 15-ல் லோயர் கேம்ப்பில் அரசு எழுப்பிய மணிமண்டபம் திறக்கப்பட்டது. தேனியின் புதிய பேருந்து நிலையமும் அவர் பெயர் பெற்றது. அவருடைய பிறந்தநாள் தைப்பொங்கலை ஒட்டி வருவது இதற்கெல்லாம் வசதியாக அமைந்தது. சொத்தையும் நகையையும் விற்று அவர் அணையைக் கட்டினார் என்ற கதை மேடைதோறும் ஒலிப்பதும் இந்தக் காலத்தில்தான். குத்தகையும் திட்டமும் அரசுடையவை, அவர் சம்பளம் பெற்ற அதிகாரி என்பதை நினைத்தால் அந்தக் கதையை வரலாறாகக் கொள்வது கடினம். பெயராய்வில் மட்டும் அதற்கு மதிப்புண்டு. அதிகாரியின் பெயரைத் தெருவுக்கு வைக்கலாம். தன் சொத்தைப் பிறருக்காக அழித்தவர் வீட்டுப் பெரியவர் ஆகிவிடுகிறார், அவர் பெயரைப் பிள்ளைக்கு வைக்கலாம். பாட்டன் பெயரும் குலதெய்வத்தின் பெயரும் இடும் மண்ணில் அயலான் ஒருவன் நுழைய இந்தக் கதை வழி திறந்துவிட்டது.

வழக்கெல்லாம் எதற்கு, தண்ணீர் போதாதா என்பது வலுவான மறுப்பு. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலம் அந்தத் தண்ணீரில் விளைகிறது. உழவர் வீடுகளில் அவர் படம் மாட்டியிருப்பது மெய். ஆனால் தண்ணீர் மட்டும் பெயரைத் தந்திருந்தால், அதே பெரியாற்றுத் தண்ணீரில் பயிரிடும் மேலூரிலும் இப்பெயர் இதே அளவு கேட்கவேண்டும். ஆனால் இப்பெயர் இட்டவர்களைப் பற்றிய பேச்சு அடிபடுவது பெரும்பாலும் எல்லையை ஒட்டிய தேனியில்தான். அதே எல்லையில் வடக்கே, கேரளப் பக்கத்தில் உள்ள பாலக்காட்டின் சித்தூர் தாலூகாவையும் பார்க்கலாம். பெருமாட்டியைச் சுற்றித் தமிழ் பேசும் உழவர்கள் வாழும் அப்பகுதியும் மாநில எல்லை கடந்து வரும் தண்ணீரை நம்பியதே. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. வரவேண்டும். அங்கே தண்ணீர் ஒரு மனிதனின் கொடையாக நினைக்கப்படுவதில்லை. இரு அரசுகள் கணக்குப் பார்த்துப் பிரித்துக்கொள்ளும் பங்கு அது. பங்கீட்டுக்கு எண் உண்டு, முகமில்லை. இடுக்கியின் பீர்மேட்டில் நிலைமை நேர்மாறு. அணைக்குக் கீழே வண்டிப்பெரியாற்றில் குடியிருக்கும் தோட்டத் தொழிலாளர் பலர் தமிழரே என்றாலும், அவர்களுக்கு அணை நீர் தருவதன்று, தலைக்குமேல் நிற்பது. தமிழர் என்பதனால் மட்டும் இப்பெயர் ஒட்டிவிடாது. தண்ணீர் வரவேண்டும், அதன் உரிமை கேள்விக்குள்ளாக வேண்டும், அந்த உரிமைக்குச் சாட்சியாக ஒரு மனிதனும் கிடைக்க வேண்டும். மூன்றும் சேர்ந்த இடம் கம்பம்.

அப்படியானால் பெயர் ஏன் இன்னும் அரிதாகவே இருக்கிறது? 1953-ல் கருணாநிதி தம் மகனுக்கு இட்ட ‘ஸ்டாலின்’ என்ற பெயரும் அயல்பெயரே. ஆனால் அது கட்சி, கொள்கை வழியாகத் தமிழகமெங்கும் பரவியது. பென்னிகுயிக்குக்குக் கட்சி இல்லை, சாதி இல்லை, கோயில் இல்லை. இவை இல்லாத பெயருக்கு நம் ஊரில் ஓட்டம் குறைவு. கூப்பிடச் சுருக்கினால் ‘பென்னி’ என்றாகிறது. ‘பெண்’ என்ற சொல்லுக்கு ஒலியில் இவ்வளவு நெருங்கிய பெயரோடு பள்ளிக்கூடம் போகும் பையன் படும் பாட்டைப் பெற்றோர் நினைத்திருப்பார்கள். மேலும், கேரளக் கிறித்தவரிடையே பெருவழக்காக உள்ள ‘பென்னி’, பெஞ்சமின், பெனடிக்ட் போன்ற பெயர்களின் குறுக்கம். மலையாள எழுத்தில் முதலெழுத்தே வேறு. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. இந்த மயக்கத்தால், எல்லையில் ‘பென்னி’ என்று கேட்டதையெல்லாம் பொறியாளர் கணக்கில் சேர்த்து, பெயரின் செல்வாக்கை மிகைப்படுத்துவது எளிது. பென்னிகுயிக் புகழ்பெற்ற பெயர், ஆனால் பரவிய பெயரன்று. மண்டபத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் கிடைத்த இடம் வருகைப் பதிவேட்டில் அதற்குக் கிடைக்கவில்லை.

இந்த வாதத்தைச் சோதிக்க வழி உண்டு. கம்பம், கூடலூர், சின்னமனூர் வட்டாரப் பழைய பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளைப் பிறந்த ஆண்டு வாரியாகப் பார்க்க வேண்டும். ‘பென்னி’ என்ற குறுக்கத்தை ஒதுக்கி, முழு வடிவத்தை மட்டும் எழுத்துக்கூட்டல் வேறுபாடுகளுடன் குறிக்க வேண்டும். 1979-க்கு முன் பிறந்தவர்களிடையே ‘பென்னிகுக்’ என்றோ, தமிழ் ஈறு பெற்றுத் தேய்ந்த வடிவிலோ பெயர்கள் கணிசமாகக் கிடைத்தால் இங்கே சொன்னது தவறு. தேனி, மதுரை மாவட்டக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகளும் வரலாற்றுத்துறைகளும், பதிவேடுகள் செல்லரிப்பதற்குள் இந்த வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும்.