பன்னீர் திராட்சை: பேர் வந்த வழி

சங்கரன்கோவில் பழ வண்டிகளில் கருப்புத் திராட்சை இரண்டு வகை: விதையில்லாதது ஒன்று, பன்னீர் ஒன்று. கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுக்க அறுவடை உண்டு. அதனால் பன்னீருக்குப் பருவம் பார்க்க வேண்டியதில்லை.

திராட்சை என்பது வடசொல். நம்மிடம் முந்திரிகை என்ற சொல் இருந்தது. செங்கோட்டைக்கு அப்பால் மலையாளத்தில் இன்றும் முந்திரி என்றால் திராட்சைதான். யாழ்ப்பாணத்திலும் முந்திரிகை அதுவே. போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரத்தின் கொட்டைக்கு நாம் அந்தப் பேரைக் கொடுத்தோம். பழம் கொடிமுந்திரி ஆனது. பிறகு அந்தச் சொல்லும் நம் பேச்சிலிருந்து போய்விட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

ரகத்தின் பேரோ நம் மூக்கு வைத்த பேர். கல்யாண வாசலில் தெளிக்கும் பன்னீர், பனிநீர் என்பதன் சுருக்கம். அந்த மணம் பழத்தில் இருக்கிறது. கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் இதே ரகம் குலாபி. பாரசீகத்தில் குல் மலர், ஆப் நீர். குலாப் என்பதும் பன்னீரேதான். ஐரோப்பியர் வைத்த மஸ்கட் என்ற பேரையும் கஸ்தூரி வாசனையோடுதான் சேர்த்துச் சொல்கிறார்கள். மணத்தை வைத்துப் பேரிட்டதில் பிழையில்லை: ரோஜா எண்ணெயில் உள்ள ஜெரானியால் என்னும் மணப்பொருள் மஸ்கட் திராட்சைகளிலும் உண்டு.

இதன் முழுப்பேர் மஸ்கட் ஹாம்பர்க். ஹாம்பர்க் நகரம் இதன் ஊரல்ல. இங்கிலாந்தின் பெட்ஃபோர்டுஷயரில் ரெஸ்ட் பார்க் மாளிகைத் தோட்டக்காரர் ஸ்னோ, 1850 வாக்கில் இதை உருவாக்கினார். தாய் தந்தை பிளாக் ஹாம்பர்க்கும் மஸ்கட் ஆஃப் அலெக்ஸாண்ட்ரியாவும் என்பதை 2003-ல் வெளியான மரபணு ஆய்வு உறுதிசெய்தது. இரண்டு பேரிலும் பாதிப்பாதி பிள்ளைக்கு வந்திருக்கிறது.

2023-ல் ‘கம்பம் பன்னீர் திராட்சை’ புவிசார் குறியீடு பெற்றபோது, 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இதைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்ற செய்தி பல இடங்களில் வந்தது. பாதிரியார் ஏதோ ஒரு திராட்சைக் கொடியைக் கொண்டுவந்திருக்கலாம். ஆனால் 1850 வாக்கில் பிறந்த ரகம் 1832-ல் இங்கே வந்திருக்க வழியில்லை. அந்த ஆண்டைத் திராட்சை வந்த கதையோடு வையுங்கள். பன்னீர் வந்த கதையோடு சேர்க்காதீர்கள்.