ஐந்து மில்லிகிராம்

ஒரு நாடு இன்னொரு நாட்டைக் கலக்கியது என்றால் பீரங்கியும் விமானமும்தான் நம் நினைவுக்கு வரும். 1989-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் மேற்கு ஜெர்மனி ஒரு சட்டம் போட்டது. ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. ஆனால் அடுத்த சில மாதங்களில் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் எத்தனையோ பேர் தூக்கமில்லாமல் புரண்டார்கள்.

சட்டம் சொன்னது இவ்வளவுதான்: பென்டாகுளோரோபினால் என்ற மருந்து ஒரு கிலோ பொருளில் 5 மில்லிகிராமுக்கு மேல் தங்கியிருந்தால் அந்தப் பொருளை ஜெர்மனியில் விற்கக் கூடாது. 5 மில்லிகிராம் என்றால் ஒரு டன் தோலுக்கு 5 கிராம். ஒரு வண்டிச் சுமைத் தோலுக்கு ஒரு தேக்கரண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேக்கரண்டியை மீறிய வண்டி திரும்பிப் போக வேண்டியதுதான்.

நான் இந்தக் கதையைத் தேடிப் போகவில்லை. நான் போனது நெல்லைப் பற்றி விசாரிக்க. பூச்சிமருந்து தங்கிய தானியத்தை வெளிநாட்டார் ஏற்க மறுக்கிறார்கள் என்று அடிக்கடி படிக்கிறோமே, அது நம் ஊர்ச் சந்தையில் எப்படித் தெரிகிறது என்று பார்க்க ஆசைப்பட்டு நாட்றம்பள்ளிக்குப் போனேன். வட ஆற்காடாக இருந்து, வேலூர் மாவட்டமாக இருந்து, 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டமாக இருக்கும் ஊர். சென்னையிலிருந்து பெங்களூர் போகும் சாலையில் வாணியம்பாடியைத் தாண்டினால் வரும். ஒரு பக்கம் ஏலகிரி மலை. இன்னொரு பக்கம் குப்பத்துக்குப் போகிற பாதை. தென்னை, மா, கேழ்வரகு, மல்லாட்டை. (நிலக்கடலை என்று எழுதினால் இந்தப் பக்கத்தில் சிரிப்பார்கள்.) தண்ணீர் இருக்கிற இடத்தில் நெல்.

ஒரு கமிஷன் மண்டியில் உட்கார்ந்திருந்தேன். மண்டிக்காரர் குத்தூசியைச் சாக்கில் குத்தி, உள்ளங்கையில் கொட்டிய தானியத்தை ஊதிப் பார்த்தார். இரண்டு மணியை வாயில் போட்டுக் கடித்தார். ஈரம் தெரிந்தது, பதர் தெரிந்தது, பழசா புதுசா என்பதும் தெரிந்தது. "மருந்து தெரியுமா?" என்று கேட்டேன்.

"அது எப்படிங்க சார் தெரியும்? வாசனை வந்தாத்தான் உண்டு" என்றார்.

பக்கத்தில் மாம்பழக் கணக்குப் பேச வந்திருந்த பெரியவர் ஒருவர், வாணியம்பாடிக்காரர், முப்பது வருஷம் தோல் ஷாப்பில் மேஸ்திரியாக இருந்தவர், லேசாகச் சிரித்தார். "எங்களுக்கும் தெரியலே சார். ஜெர்மனிக்காரன் சொல்லித்தான் தெரிஞ்சுது."

அவர் சொன்னதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

தோலுக்குப் பரம எதிரி பூசணம். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோல் நம் மாகாணத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கப்பலேறியது. 'ஈஸ்ட் இந்தியா தோல்' என்று அதற்கு லண்டன் சந்தையில் தனி மரியாதை. பிறகு குரோம் முறை வந்தது. 1970-களில் அரசாங்கம் பச்சைத் தோலையும் அரைப்பதத் தோலையும் அப்படியே ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தி, செருப்பாகவும் சட்டையாகவும் செய்து அனுப்பச் சொன்னது. எந்த முறையானாலும், ஈரத் தோலை அடுக்கி வைத்தால் ஐப்பசி மாதத்தில் சில நாட்களிலேயே பச்சையும் கறுப்புமாகப் புள்ளி விழுந்துவிடும். புள்ளி விழுந்த இடத்தில் சாயம் ஒட்டாது. நல்ல ஆட்டுத்தோல் நாலில் ஒரு விலைக்குப் போகும். பென்டாகுளோரோபினால் இதற்குக் கண்கண்ட மருந்து. மலிவு, தண்ணீரில் கரைத்துக் கடைசித் தொட்டியில் ஊற்றினால் போதும், பூசணம் கிட்டே வராது. உலகம் முழுவதும் தோல்காரர்கள் அதைத்தான் ஊற்றினார்கள். அதைத் தயாரித்துப் பல காலம் உலகுக்கு விற்ற நாடுகளில் ஜெர்மனியும் ஒன்று என்பதை இங்கே சொல்லாமல் போவது நியாயமில்லை.

ஜெர்மனியில் அதற்குக் கெட்ட பெயர் வந்தது தோலால் அல்ல, மரத்தால். வீட்டுக்குள் மரச்சுவருக்கும் உத்தரத்துக்கும் செல்லரிக்காமல் இருக்கப் பூசிய மருந்தில் இது இருந்தது. பூசிய வீடுகளில் குடியிருந்தவர்கள் நோய்ப்பட்டதாகப் புகார் எழுந்தது, வழக்கு நடந்தது, வருஷக்கணக்கில் பேச்சு நடந்தது. இந்த மருந்தோடு டையாக்ஸின் என்ற கொடிய நச்சும் கலப்படமாக வருகிறது என்பது வேறு வெளிப்பட்டது. முடிவாக 1989 டிசம்பர் 12-ஆம் தேதியிட்ட ஆணை வந்தது. ஜெர்மன் உத்தரத்துக்குப் போட்ட ஆணை ஆம்பூர்ச் செருப்பின் தலையிலும் விழுந்தது.

இதில் சூழ்ச்சி இருந்ததா? அன்று பலர் அப்படித்தான் பேசினார்கள். ஏழை நாட்டுச் சரக்கைத் தடுக்கப் பணக்கார நாடு கண்டுபிடித்த புதுச் சுவர் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஆணை ஜெர்மன் தொழிற்சாலைக்கும் ஒன்றுதான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஜெர்மன் உற்பத்தியாளருக்கு அது பல வருஷம் காதில் விழுந்துகொண்டிருந்த செய்தி. வாணியம்பாடியில் நாலு தொட்டி வைத்துக் கூலிக்குப் பதனிடுகிறவருக்கு அது ஒரு நாள் காலையில் கிடைத்த தந்தி.

மேஸ்திரி சொன்னார்: "முதலாளி வந்து நாளையிலேர்ந்து அந்த மருந்து வேணாம்னார். சரின்னு நிறுத்திட்டோம். அப்பவும் சோதனையிலே வந்துடுச்சு சார். எங்கேர்ந்து வருதுன்னே தெரியலே."

இந்த இடத்தில்தான் தோல் வியாபாரமும் தானிய வியாபாரமும் ஒன்றாகின்றன. ஏற்றுமதி செய்கிறவர் ஒருவர். அவருக்குத் தோல் தருகிறவர்கள் பலர். அவர்களுக்குப் பச்சைத்தோல் தருகிறவர்கள் எங்கோ வடநாட்டுச் சந்தைகளில். ஒரு ஜோடிச் செருப்பில் மேல்தோல் ஓரிடம், உள்தோல் ஓரிடம். பதனிடுகிற டிரம்மோ பெரும்பாலும் மரம். மரத்துக்குப் பூச வந்த மருந்தை மரம் குடிக்காமல் இருக்குமா? சுத்தமான தோலும் பழைய டிரம்மில் உருண்டால் அழுக்காகும். 100 தோலில் 10 தோல் கெட்டிருந்தாலும் சோதனைக்கு எடுத்த துண்டு அந்தப் பத்தில் ஒன்றாக இருந்துவிட்டால் சரக்கு முழுவதும் கெட்டதாகத்தான் கணக்கு. குற்றம் செய்தவர் யார் என்று கண்டுபிடிக்க முடியாதபோது நஷ்டம் கடைசியில் நின்றவர் தலையில் விழுகிறது. அவர் அதை அடுத்த வாரக் கூலியில் கழிக்கிறார்.

மாற்று மருந்து இருந்தது. டி.சி.எம்.டி.பி. என்று பெயர், விலை பல மடங்கு. பெரிய கம்பெனிகள் வாங்கின. சிறியவர்கள் வாயைப் பிளந்தார்கள். 1948-இல் சென்னை அடையாற்றில் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் சோதித்துச் சொல்லவும், எதைப் போடலாம் எதைப் போடக் கூடாது என்று வழிகாட்டவும் முன்வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே இந்திய அரசும் அந்த மருந்தைத் தடை செய்தது. ஒரே மூச்சில் மருந்து ஒழிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் சில ஆண்டுகளில் ஒழிந்தது. 1994-இல் ஜெர்மனி சில அசோ சாயங்களை விலக்கிச் சட்டம் போட்டபோது நம்மவர்கள் முன்போல் திகைக்கவில்லை. 1997-இல் நம் நாட்டிலும் 70 சாயங்களுக்குத் தடை வந்தது.

இதற்கு நேர் எதிரான ஒரு கதையும் இதே மண்ணின் பயிருக்கு உண்டு. 1960-இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் ஆயிரக்கணக்கில், கடைசிக் கணக்கில் லட்சத்துக்கும் மேல், காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. தின்ற தீனியில் கடலைப் பிண்ணாக்கு இருந்தது. அந்தப் பிண்ணாக்கு பிரேசிலிலிருந்து வந்தது. அதில் வளர்ந்த பூசணம் அஃப்ளாடாக்ஸின் என்ற விஷத்தைக் கக்கியிருந்தது. அதன் பிறகு நம் நாட்டுக் கடலைப் பிண்ணாக்கும் ஐரோப்பியத் துறைமுகங்களில் சோதனைக்கு நின்றது. பூசணம் பிடித்ததால் மல்லாட்டை தடைப்பட்டது. பூசணம் பிடிக்காமல் காத்ததால் தோல் தடைப்பட்டது! வட ஆற்காட்டின் இரண்டு பெரிய செல்வங்களுக்கும் ஒரே சத்துரு இரண்டு வேஷத்தில் வந்தான் என்று நினைத்தால் எனக்கு இன்னும் வியப்புத்தான்.

நெல்லுக்கு வருவோம். பஞ்சாபிலும் ஹரியானாவிலும் பாசுமதிக்குக் குலைநோய் வராமல் டிரைசைக்ளசோல் என்ற மருந்தை அடிப்பார்கள். ஐரோப்பிய யூனியன் அதற்கு அனுமதித்த அளவு கிலோவுக்கு 1 மில்லிகிராம். 2017-இல் அதை 0.01 மில்லிகிராமாகக் குறைத்து, 2018 ஜனவரி முதல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். நூறில் ஒரு பங்கு! 100 டன் அரிசியில் 1 கிராம். அந்த அளவில் அது ஆளைக் கொல்லும் என்று நிரூபித்துவிட்டுக் குறைக்கவில்லை; கொல்லாது, கெடுக்காது என்பதற்குப் போதிய ஆதாரம் தரப்படவில்லை என்று குறைத்தார்கள். இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தை நம் வியாபாரிகள் வழக்கறிஞர்களைப் போல விவாதித்தார்கள். அதற்குள் பாகிஸ்தான் பாசுமதி நம் இடத்தில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது. 2022 ஆகஸ்டில் பஞ்சாப் அரசே பாசுமதியைக் காப்பாற்ற 10 மருந்துகளின் விற்பனையை 60 நாட்களுக்கு நிறுத்தி வைத்தது.

கவனித்தீர்களா, 60 நாட்கள்! அதே வயலில் அதற்கு முன்னும் பின்னும் விளைகிறதை உண்கிறவர்களுக்காக அல்ல, கப்பலேறுகிற அரிசிக்காக.

நமக்காக நாம் போட்ட சட்டத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1958-இல் கேரளத்தில் கோதுமை மாவு தின்ற நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். உணவுப் பொருளும் பாரத்தியான் என்ற பூச்சிமருந்தும் ஒரே கப்பலில் வந்து, மருந்து கசிந்து உணவில் இறங்கியிருந்தது. விசாரணைக் கமிஷன் அமைந்தது. சட்டம் வேண்டும் என்றது. நிபுணர் குழு அமைந்தது. பூச்சிமருந்துச் சட்டம் 1968-இல் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்தது 1971-இல். நூறு சவங்களுக்குப் பதின்மூன்று வருஷம் பிடித்தது. ஜெர்மனியில் திருப்பிவிட்ட சரக்குகளுக்கு இரண்டு மூன்று வருஷம் போதுமாயிருந்தது.

பாலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆற்றங்கரையில்தான் இவ்வளவு தோலும் ஊறியது. செருப்பில் தங்கிய 5 மில்லிகிராமை வேண்டாம் என்று சொல்ல ஒரு வாங்குபவர் இருந்தார். கிணற்றில் இறங்கிய உப்பையும் குரோமியத்தையும் வேண்டாம் என்று சொல்லும் வசதி கிணற்றுக்காரருக்கு இல்லை. வேலூர் மக்கள் நல அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் புகழ்பெற்ற தீர்ப்பைச் சொன்னது. தோல் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமோ ஓரளவோ பயிருக்கு உதவாமல் போனதாக வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வு சொன்னதை அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. கெடுத்தவனே செலவைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கை நம் சட்டத்தில் உறுதிப்பட்டது அந்த வழக்கில்தான். 2025 ஜனவரி 30-இல் அதே நீதிமன்றம், அதே ஆற்றுக்காக, இழப்பீடு இன்னும் கிடைக்காதவர்களுக்குக் கொடுத்துத் தீர்க்கும்படியும், மேற்பார்வைக்குக் குழு அமைக்கும்படியும் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. இடையில் ஏறக்குறைய இருபத்தெட்டரை வருஷம். செருப்பு என்னவோ அதற்கு வெகு காலம் முன்பே சுத்தமாகிவிட்டது.

நான் வெளிநாட்டாரைப் புகழவும் இல்லை, தோல்காரர்களைத் தூற்றவும் இல்லை. அந்தச் செருப்புத் தொழிற்சாலைகளில் காலை வேளையில் பஸ் பஸ்ஸாகப் பெண்கள் போய் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். நாட்றம்பள்ளிக் கிராமங்களிலிருந்தும் போகிறார்கள். மழை பொய்த்த வருஷத்தில் பல வீடுகளில் அடுப்பு எரிவது அந்தச் சம்பளத்தில்தான். ஒரு சரக்கு திரும்பி வந்தால் முதலில் நிற்பது அவர்களுடைய வேலை.

மண்டியில் குவித்திருந்த நெல்லைக் கொண்டுவந்த விவசாயியும் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். எத்தனை தடவை மருந்து அடித்தீர்கள் என்று அவரிடம் கேட்டேன். கடைக்காரர் சொன்ன கணக்குத்தான் என்றார். அந்த வருஷம் புகையான் அதிகம் என்றார். அறுவடைக்கு எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும் என்று டப்பாவில் எழுதியிருக்குமே என்றேன். எழுத்துப் பொடி, கண்ணுக்குத் தெரியவில்லை என்றார். பிறகு, நான் கேட்காமலே, கிணற்று மேட்டில் கால் காணியில் மருந்தே போடாமல் கொஞ்சம் நெல் வைத்திருப்பதாகவும், விளைச்சல் பாதிதான், ஆனால் சோறு ருசி என்றும் சொன்னார்.

"அதிலே எனக்கு ஒரு மூட்டை கொடுங்களேன். என்ன விலையானாலும் தருகிறேன்" என்றேன்.

அவர் சங்கடத்தோடு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அது விக்கிறதுக்கு இல்லீங்க சார். வீட்டுக்கு" என்றார்.