அழைப்புப் பணி மருத்துவரின் சட்டக் கடமை (மலேசியா)

அவசரப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தவுடன் ஆலோசனை கூறவும், தேவைப்பட்டால் நேரில் வந்து சிகிச்சை அளிக்கவும் பொறுப்பேற்றுள்ள மருத்துவரின் பணி அழைப்புப் பணி எனப்படும். பேச்சுவழக்கில் இதனை ‘ஆன்-கால்’ என்பர். மலேசியாவில் அவசர சிகிச்சைப் பொறுப்பு தோட்ட முதலாளியிடம் தொடங்கி, மருத்துவரின் தனிக் கடமையாக வளர்ந்து, இன்று மருத்துவமனை என்னும் நிறுவனத்தையும் சேர்ந்ததாகியுள்ளது.

தோட்டக் காலம்: சி ரூசா அடங்கிய போர்ட்டிக்சன் வட்டாரம் உட்பட நெகிரி செம்பிலானின் ரப்பர் தோட்டங்களில், தொழிலாளருக்கு மருத்துவ வசதி செய்து தரும் பொறுப்பை 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு முதலாளிமீது சுமத்தியது. ஆயினும் மருத்துவர் குறித்த நாள்களில் வந்து போகிறவராகவே இருந்தமையால், இரவில் பாம்புக்கடிக்கும் பேறுகால இரத்தப்போக்குக்கும் முதலில் முகங்கொடுத்தவர் ‘டிரசர்’ எனப்பட்ட மருத்துவ உதவியாளரே. அவரது தகுதியும் பதிவும் 1965ஆம் ஆண்டுத் தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டத்தால் முறைப்படுத்தப்பட்டன.

பொதுச் சட்டம்: நீதிமன்றத் தீர்ப்புகளால் உருவான ஆங்கிலப் பொதுச் சட்டம், 1956ஆம் ஆண்டு உரிமையியல் சட்டத்தின் வழி மலேசியாவிலும் அடித்தளமாக ஏற்கப்பட்டது. 1960களில் இலண்டனில், தேநீர் குடித்தபின் வாந்தியெடுத்து மருத்துவமனைக்கு வந்த மூன்று இரவுக் காவலாளிகளைப் பணியிலிருந்த மருத்துவர் பாராமலே, வீட்டுக்குச் செல்லுமாறு தொலைபேசி வழிச் சொல்லியனுப்ப, அவர்களுள் ஒருவர் ஆர்சனிக் நஞ்சால் இறந்தார். அவசரப் பிரிவை நாடி வந்தவரைப் பார்ப்பது கடமையே என்றும், அது மீறப்பட்டது என்றும் கூறிய நீதிமன்றம், சிகிச்சை அளித்திருந்தாலும் அவர் பிழைத்திருக்கமாட்டார் என்பதால் இழப்பீட்டை மறுத்தது. கடமை மீறலோடு, அம்மீறலே தீங்குக்குக் காரணம் என்பதும் நிறுவப்பட வேண்டும் என்ற நெறிக்கு இவ்வழக்கு சான்றாகிறது.

நிறுவனப் பொறுப்பு: அரசு மருத்துவர் பணியில் இழைக்கும் கவனக்குறைவுக்கு, 1956ஆம் ஆண்டு அரசு வழக்குகள் சட்டப்படி அரசு பொறுப்பேற்க நேரிடும். தனியார் துறையிலோ, சிறப்பு மருத்துவர்கள் ஊழியரல்லர், தனி ஒப்பந்தக்காரர்களே என்ற வாதம் நெடுங்காலம் மருத்துவமனைகளுக்குக் கவசமாயிருந்தது. 2006இல் நடைமுறைக்கு வந்த 1998ஆம் ஆண்டுத் தனியார் சுகாதாரப் பராமரிப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவு, உயிர்காக்கும் அவசர நடவடிக்கைகளுக்கு எந்நேரமும் ஆயத்தமாயிருக்குமாறு உரிமம் பெற்ற நிலையங்களைப் பணித்தது.

2010இல், தொண்டை அறுவைக்குப் பின் இரத்தப்போக்குடன் பூச்சோங்கின் தனியார் மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவுக்கு வந்த நோயாளி மூளைப் பாதிப்புக்கு உள்ளானார். கீழ் நீதிமன்றங்கள் மயக்க மருத்துவரை மட்டுமே பொறுப்பாக்க, கூட்டரசு நீதிமன்றம் 2024இல் மருத்துவமனையையும் பொறுப்பாக்கியது. பிறரிடம் ஒப்படைத்துவிட்டு விலக முடியாத இத்தகைய பொறுப்பு ‘கைமாற்றவியலாக் கடமை’ எனப்படும். இத்தீர்ப்பினால் மருத்துவரின் தனிப்பொறுப்பு குறையவில்லை. மருத்துவர்களின் ஒப்பந்த நிலையை அறிய வாய்ப்பில்லாது அவசரத்தில் வந்து சேரும் நோயாளிக்கு, மருத்துவமனையிடமும் நீதி கோரும் உரிமை உறுதிப்பட்டது.