தகவல்தொடர்பு நெறிமுறைகளின் முறைசார் சரிபார்ப்பு

நெறிமுறையைக் கணித மாதிரியாக எழுதி, அதில் நேரக்கூடிய செய்திப் பரிமாற்றங்களையெல்லாம் கணினியால் ஆராயும் முறை இது. கூர்ந்து படிப்பது மட்டும் போதாது என்பதற்கு இருவர் ஒருவருக்கொருவர் தம் அடையாளத்தை உறுதிசெய்ய உதவும் நீடம்–ஷ்ரோடர் பொதுத்திறவி நெறிமுறையே சான்று. 1978இல் வெளியான அதன் மையம் மூன்றே செய்திகள். ஆனாலும் 1995இல்தான் கணினி அறிவியலாளர் கேவின் லோ அதன் ஓட்டையைக் காட்டினார்: நேர்மையற்ற ஒருவர், தமக்கு வந்த செய்தியை மூன்றாமவருக்குத் திருப்பிவிட்டு, அனுப்பியவராகவே நடிக்கலாம். எஃப்டிஆர் என்னும் கருவியும் மாதிரியை அலசி அதே தாக்குதலைக் கண்டெடுத்தது. இரண்டாம் செய்தியில் பதிலளிப்பவரின் பெயரைச் சேர்த்ததும் ஓட்டை அடைபட்டது.

மாதிரி சிறியது, உண்மை வலையமைப்பு பெரியது என்ற மறுப்பு நியாயமானதே. ஆனால் திருத்திய நெறிமுறையின் சிறு மாதிரியில் கிடைத்த முடிவு பெரிய அமைப்புக்கும் பொருந்தும் என லோ நிறுவினார். நிரலில் நுழையும் பிழையை இம்முறை தடுக்காது; வடிவமைப்பின் பிழையை நிரல் எழுதுமுன்பே பிடித்துவிடும். 2018இல் வெளியான, இணையத் தொடர்பைப் பாதுகாக்கும் டிஎல்எஸ் 1.3 நெறிமுறை வரைவு நிலையிலேயே இவ்வாறு ஆராயப்பட்டது. பிற நெறிமுறைகளும் பின்பற்ற வேண்டிய வழி அதுவே.