காந்தக் கல்லுக்குள் ஒரு பங்காளிச் சண்டை

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

கோமுகி ஆற்று மணலில் காந்தத்தைப் புரட்டினால் கருந்துகள்கள் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வருமே, அதுதான் மேக்னடைட். கல்வராயன் மலைக்குத் தென்மேற்கே, சேலம் கஞ்சமலையில் அது பாறையாகவே கிடக்கிறது. நம் முன்னோர் அதை மரக்கரியோடு உலையிலிட்டு இரும்பாக்கினார்கள். 1830களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் சேலத்துத் தாதுவைப் பரங்கிப்பேட்டைக்குக் கொண்டுபோய் உருக்கினார்.

இரும்பு எடுக்க, அந்தக் கல் ஏன் காந்தமானது என்று தெரிய வேண்டியதில்லை. அதைக் கேட்டவர்கள் பிறகு வந்தார்கள். 1915இல் பிராக் அதன் அணு அடுக்கைக் கண்டார். 'ஸ்பினல்' என்பது அந்த அடுக்கின் பெயர். அதில் இரண்டு வகை இடங்கள் உண்டு. ஒரு வகையில் உள்ள அணுக்காந்தங்கள் மற்ற வகைக்கு எதிராக நிற்கின்றன. இரண்டும் சமமில்லாததால் மிச்சம் நமக்குக் காந்தமாகத் தெரிகிறது என்று 1948இல் நீல் விளக்கினார்.

முதல் வகை இடங்களில் துத்தநாகம் போன்ற காந்தமில்லாத அணுக்களை வைத்துவிட்டால்? மிஞ்சியவை முக்கோண முக்கோணமாக இணைந்தவை. ஒவ்வொன்றும் அடுத்ததற்கு எதிராக நிற்கப் பார்க்கும். கல்யாண வீட்டில் இரண்டே பந்தி வரிசை. வந்திருக்கும் மூன்று பங்காளிகளுக்கும் ஒருவரோடொருவர் பேச்சில்லை. எப்படி உட்கார வைப்பீர்கள்? யாராவது இருவர் ஒரே வரிசையில் முறைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். இந்த இக்கட்டை 1956இல் ஆண்டர்சன் எழுதிக் காட்டினார்.

இதோடு அணுக்களும் தாறுமாறாகக் கலந்துவிட்டால், குளிர்விக்கும்போது அணுக்காந்தங்கள் ஆளுக்கொரு திசையில் உறைந்துவிடும். ஜன்னல் கண்ணாடியில் அணுக்கள் ஒழுங்கில்லாமல் உறைந்திருப்பது போலத்தான். அதனால் பெயர் 'ஸ்பின் கண்ணாடி'. 1972இல் கன்னெல்லாவும் மைடோஷும் சிறிது இரும்பு கலந்த தங்கத்தில் இந்த உறைதலைத் தெளிவாக அளந்தார்கள். 1975இல் எட்வர்ட்ஸும் ஆண்டர்சனும் கணக்கு தந்தார்கள். ஸ்பினல் ஆக்சைடுகளுக்கு 1979இல் வில்லான் கோட்பாடு எழுதினார். அதே ஆண்டு பாரிசி கண்ட தீர்வுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

கதை அங்கே முடியவில்லை. நினைவாற்றல் எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல, 1982இல் ஹாப்ஃபீல்டு இந்தக் காந்தக் கணக்கைத்தான் எடுத்துக்கொண்டார். இன்றைய செயற்கை நுண்ணறிவின் வேர்களில் அது ஒன்று. 2024இல் அவருக்கும் நோபலில் பங்கு.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன்? நம் பக்கத்துப் பிள்ளைகள், மலைக் கிராமத்துப் பெண்கள் உட்பட, இயற்பியல் படிக்கிறேன் என்றால் "அதுல என்ன வேலை கிடைக்கும்?" என்று தடுக்கிறோம். வயிற்றுப்பாட்டுக் கவலை நியாயமானதுதான். ஆனால் 1956இல் ஆண்டர்சனிடம் கேட்டிருந்தால், கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ள இது உதவும் என்று அவராலும் சொல்லியிருக்க முடியாது. வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் விண்ணப்பம் போடும் முன் என்னிடம் ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள்.