எல்லைப்புறத்துப் போர்கள் – 14: பாகலூர் வாசல்

1768-ஆம் வருஷம் அக்டோபர் 4-ஆம் தேதி, முல்பாகல் பாறைகளுக்கிடையே கர்னல் வுட்டின் படை ஹைதர் அலியின் பெருஞ்சேனையால் சூழப்பட்டு அடியோடு அழியும் தறுவாயில் இருந்தபோது, சாமான்களுக்குக் காவலாகப் பின்னே நிறுத்தப்பட்டிருந்த கேப்டன் புரூக், தாமே காயம்பட்டிருந்தும், நான்கு கம்பெனி சிப்பாய்களோடு இரண்டு பீரங்கிகளைச் சுற்றுவழியாகக் கொண்டுபோய் ஒரு தட்டைப் பாறையின்மேல் ஏற்றினார். நோயிலும் ரணத்திலும் படுத்திருந்த பீரங்கிக்காரர்கள் தவழ்ந்து வந்து கைகொடுத்தார்கள். குண்டுமாரி பொழிந்த அதே கணத்தில் எல்லோரும் ஒரே குரலாக “ஸ்மித்! ஸ்மித்!” என்று முழங்கவே, கர்னல் ஸ்மித்தின் சேனை வந்துவிட்டதென்று இருதரப்பாரும் நம்பினர். ஸ்மித்தோ அங்கே இல்லவே இல்லை! ஹைதரின் படை தயங்கிய அந்த இடைவெளியில் வுட் தம் அணிகளைத் திருத்திக்கொண்டு பிழைத்தார்.

இந்தத் தந்திரத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. கும்பினியாரின் யுத்தம் பேராசையில் பிறந்தது என்பதே என் அபிப்பிராயம். எனினும், சம்பளத்துக்காக அன்னியன் கொடியின்கீழ் நின்று, தமக்கு யாதொரு பகையுமில்லாத மைசூர்ச் சீமையில் ரத்தம் சிந்திய அந்தச் சிப்பாய்களின் தீரத்தைக் கும்பினியின் பாவக்கணக்கில் சேர்த்து எழுத என் மனம் ஒப்பவில்லை.

ஆனால் அடுத்த மாதமே வேறொரு காட்சி. ஸ்மித்தை மதராஸ் கவுன்சிலார் திரும்ப அழைத்துக்கொள்ள, தலைமை வுட்டின் கைக்கு வந்தது. ஹைதர் முற்றுகையிட்டிருந்த ஓசூரை மீட்கப் புறப்பட்ட வுட், தம் கனத்த பீரங்கிகள் இரண்டையும் மூட்டைமுடிச்சுகளையும் பாகலூர்ப் பேட்டையில், நவாபின் பட்டாளம் ஒன்றைக் காவல்வைத்து விட்டுச் சென்றார். வுட் ஓசூருக்குள் நுழைய, ஹைதர் அவரைச் சுற்றிக்கொண்டு பாகலூர்மேல் பாய்ந்தார். பட்டாளம் கோட்டைக்குள் ஒதுங்கிக்கொண்டது. பேட்டையில் இருந்த வண்டிக்காரரும் கடைக்காரரும் பெண்டுபிள்ளைகளும், மிரண்ட காளைகளோடு கலந்து, கோட்டை வாசலை நோக்கி ஓடி, அங்கே ஒருவர்மேல் ஒருவர் விழுந்து நசுங்கி மாண்டனர். இரண்டாயிரம் உயிர்கள் என்று பழைய ஆங்கிலச் சரித்திரங்கள் கணக்குச் சொல்கின்றன. வேட்டொலி கேட்டு வுட் திரும்பி வருவதற்குள், பீரங்கிகளை ஹைதர் கொண்டுபோய்விட்டார்.

இன்று ஓசூர் சிப்காட் ஆலைகளில், ஒப்பந்தக்காரர் மூலம் வரும் தொழிலாளியின் பெயர் ஆலையின் நிரந்தரப் பதிவேட்டில் ஏறுவதில்லை. அதுபோலவே, சேனைக்குச் சோறும் தீவனமும் சுமந்த அந்த ஜனங்களில் பெரும்பாலோர் எந்தப் பட்டாளத்தின் பட்டியலிலும் இல்லாதவர்கள். ஆகையால் அவர்கள் சாவு தியாகமாகவும் எண்ணப்படவில்லை. வுட் பதவியிழந்தார், கர்னல் லாங் வந்தார். ஆனால் என் கண்ணில் வுட்டின் பெருங்குற்றம் பீரங்கிகளைப் பறிகொடுத்தது அன்று, ஆயிரக்கணக்கான நிராயுதபாணிகளை எதிரியின் பாதையில் விட்டுவிட்டுக் கீர்த்தி தேடிப் போனதேயாகும். எந்த அரசனுக்காகச் சண்டையிடுவது என்பதைச் சிப்பாய் தேர்ந்துகொள்வதில்லை. ஆபத்து வேளையில் கோட்டைக்கு உள்ளே யார், வெளியே யார் என்பதையோ அவன் தலைவர்கள் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறார்கள்; யுத்தத்தின் தர்மாதர்மம் அந்தத் தீர்மானத்தில்தான் இருக்கிறது. 1769 ஏப்ரலில் சமாதானம் ஏற்பட்டபோது, ஜயித்த இடங்களைப் பெரும்பாலும் பரஸ்பரம் திருப்பிக் கொடுத்துக்கொண்டார்கள். பாகலூரில் மாண்டவர்களைத் திருப்பிக் கொடுப்பதற்கு எந்த ஷரத்திலும் இடமில்லை.

ஹைதர் மதராஸின் வாசலில் வந்து நின்று அந்தச் சமாதானத்தை வாங்கிய கட்டத்தை இந்த வாரம் தருவதாகச் சொல்லியிருந்தேன். நூற்றுமுப்பது மைலை மூன்றரை நாளில் கடந்தவர் அவர். எனக்கோ பாகலூரைக் கடக்கவே ஒரு வாரம் பிடித்துவிட்டது. அவர் பிரயாணம் அடுத்த இதழில்.