குறுகிய பாதையும் 8088 செயலியும்

மலாக்கா மாநிலத்துப் பத்து பெரெண்டாமில் 1973இல் சீமென்சு நிறுவனம் மின்சில்லுத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கிற்று. பால்மர வேலையே அறிந்திருந்த தோட்டத்துக் குடும்பங்களின் பெண்மக்கள் அத்தகைய ஆலைகளுக்குப் பேருந்தேறிச் செல்லலாயினர். பின்னாளில் அந்நிறுவனமும் உரிமம் பெற்றுச் செய்த செயலி ஒன்றின் நிறைகுறைகள் ஆராயத்தக்கன. இன்டெல் 1979இல் வெளியிட்ட 8088 என்பதே அது.

ஏறத்தாழ 29,000 டிரான்சிஸ்டர்களைக் கொண்ட இச்செயலி, உள்ளே 16 பிட்டுகளை ஒருசேரக் கணக்கிடும். வெளியிலிருந்து தரவைப் பெறுவதோ எட்டெட்டாகத்தான். தோட்டத்து ஆலையில் உருளைகள் விரைந்து சுழன்றாலும், பால் வந்துசேரும் வழி ஒற்றையடிப் பாதையாயின் பயன் என்ன? உருளைகள் காத்துக் கிடக்கும். 8088உம் அவ்வாறே காத்துக் கிடந்தது. ஓராண்டு முன்பிறந்த அதன் தமையனாகிய 8086க்கு இக்குறை இல்லை. நினைவகத்தை 64 கிலோபைட்டுத் துண்டுகளாகக் கையாள வேண்டியிருந்தமையோ இரண்டிற்கும் பொதுவான குறை. நிரல் எழுதுவோர்க்கு அது நெடுநாள் தலைவலி.

ஆயினும் அக்குறுகிய பாதையே 8088ஐ வாழவைத்தது. எட்டு பிட்டுக்கென முன்பே மலிவாகக் கிடைத்த துணைச் சில்லுகள் அதனோடு பொருந்தின. ஆற்றலில் மேம்பட்ட மோட்டோரோலா 68000 இருக்கவும், ஐ.பி.எம். 1981இல் தன் மேசைக் கணினிக்கு 8088ஐயே தேர்ந்தது. தேர்வு பிழையன்று. அதனையொத்த கணினிகளைப் பிறரும் செய்யலாயினர், விலை இறங்கிற்று.

மேசைக் கணினி தனிமனிதர் வாங்கும் விலைக்கு வரலான அக்காலத்தில்தான், 1980களின் நடுவில், மலேசியரான முத்து நெடுமாறன் கணினித் திரையில் தமிழைத் தோற்றுவிக்க முனைந்து முரசு மென்பொருளை உருவாக்கினார்.